கலியமூர்த்தி முடுக்காமல் விட்ட நட்டு

கலியமூர்த்தி கை வைத்த வண்டியை இன்னொருவர் குனிந்து பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது. போன வருஷம் காருக்குப் புது பிரேக் கட்டை போட்டார். மறுநாள் மகள் மதுமதி ஆபீஸ் போகிற வழியில் ஒரு மெக்கானிக்கிடம் நிறுத்தி, சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பார்த்தவன், யார் போட்டது, இவ்வளவு சுத்தமாக நாங்களே போடமாட்டோமே என்று வியந்திருக்கிறான். அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு. பாராட்டு அவர் காதில் ஏறவில்லை. வேறொருவனிடம் காட்டினாள் என்பது மட்டும்தான் ஏறியது. நாலு நாள் மகளோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவர் மனைவி சியாமளாதான் இருவருக்கும் நடுவே தூது போய் அலுத்துப்போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வேலையை யாரும் சந்தேகப்படவில்லை. பட்டாலும் வாயைத் திறக்கவில்லை.

மனிதர் இப்படி ஆனதற்கு அவர் பிழைப்பும் ஒரு காரணம். நன்னிலத்துப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் விமானப் படையில் சேர்ந்தவர். இருபது வருஷம் ஃபிட்டர் வேலை. அங்கிருந்து வெளியே வந்து டெல்லியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தின் பேருந்துகளைக் கவனிக்கும் வேலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். அந்தப் பேருந்துகளில் ஒன்றுகூடப் பிள்ளைகளோடு நடுத்தெருவில் நின்றதில்லை. அறுபத்தொரு வயதில் இப்போது பாலம் காலனியை ஒட்டிய சாத் நகரில், சந்துக்குள் கீழ்த்தளத்தில் ஒரு சொந்த வீடு. வாசலில் அந்தச் சின்ன வெள்ளைக் கார்.

விமானப் படையிலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கங்களில் ஒன்று சிவப்புக் குறி. ஒரு நட்டைச் சரியான அளவுக்கு முடுக்கியதும், நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார்கள். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று, இல்லாவிட்டால் இல்லை. இதில் நினைவுக்கு வேலை கிடையாது. 'நெனப்பு பொய் சொல்லும், குறி சொல்லாது' என்று அவரே பேருந்து மெக்கானிக்குகளிடம் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். வீட்டு வேலைக்கு அந்தச் சிவப்புப் பெயின்டுக்கு எங்கே போவது? சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒரு நகப்பாலிஷ் வாங்கிக்கொண்டார். மீசை வைத்த மனிதர் நின்று நிதானமாகச் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்துக் கடைக்காரப் பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

காருக்கு வயது பதின்மூன்று. டெல்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வயதுதான் கெடு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எதற்குப் புதுச் சாமான், அப்படியே ஓட்டவேண்டியதுதானே என்றாள் மதுமதி. "சாகப்போறவனுக்குச் சோறு போடாம விட்டுடுவியா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார். கொஞ்ச நாளாக ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் 'டொக் டொக்' என்று தட்டியது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பல் ஆடுவதுபோல் ஆடியது.

தேய்ந்திருந்தது லோயர் ஆர்ம். சக்கரத்தை அடியில் வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் இரும்புக் கை அது. அந்தக் கையின் நுனியில், குழிக்குள் உருளும் ஒரு குண்டு. குண்டின் காம்பு, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்குள் போய் உட்கார்ந்திருக்கும். அந்தக் காம்பை இறுக்கிப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட்டும் ஒரே ஒரு நட்டும்தான். அந்த நட்டு கழன்று போல்ட்டு வெளியே வந்தால், ஓடுகிற ஓட்டத்திலேயே சக்கரம் பக்கவாட்டில் மடிந்து படுத்துவிடும். அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

விஜயதசமிக்குள் வண்டி தயாராகவேண்டும். மதுமதியின் மகள் அபிராமிக்கு மூன்றரை வயது. அன்று காலை ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திரில் அவளுக்கு முதல் எழுத்து. மாப்பிள்ளை புனேவில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் தாத்தா பாட்டி பொறுப்பு. காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் அலைந்து நல்ல சாமானாகப் பார்த்து வாங்கிவந்து, செவ்வாய்க்கிழமை காலை சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

துருப்பிடித்த போல்ட்டுகள் லேசில் அசைந்து கொடுக்கவில்லை. சுத்தியல், எண்ணெய், கெட்ட வார்த்தை மூன்றும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. செவ்வாய் முழுக்க இடது பக்கம். புதன்கிழமை வலது பக்கம். புதன்கிழமைதான் ஆயுத பூசை.

அவர் முறை இது. முதலில் எல்லா நட்டுகளையும் விரலால் ஏற்றிவிடுவார். பிறகு சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக டார்க் ரெஞ்சால் முடுக்குவார். எவ்வளவு இறுக்கவேண்டுமோ அந்த எண்ணை ரெஞ்சின் கைப்பிடியில் திருப்பி வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு இடது பக்கம் எல்லாம் முடுக்கிக் குறி வைத்தாயிற்று. வலது பக்கமும், இரும்புக் கையை வண்டியோடு சேர்க்கும் உள்போல்ட்டுகளை எண்பதில் முடுக்கிக் குறி வைத்தாயிற்று. பாக்கி ஒரே ஒரு நட்டு. அந்தக் காம்பைப் பிடித்திருக்கும் நட்டு. அது அறுபது.

சியாமளா வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள பூசை முடிக்கணும். சாமானையெல்லாம் குடுங்க."

"ஒரே ஒரு நட்டு. ரெண்டு நிமிஷம்."

"உங்க ரெண்டு நிமிஷம் எனக்குத் தெரியாதா? பொங்கலன்னிக்கு ரெண்டு நிமிஷம்னு போனவரு, சாயங்காலம் வந்து ஆறிப்போன பொங்கலைத் தின்னீங்க."

"இது முக்கியமான நட்டு, சியாமளா."

"நாளைக்கு மறுபூசை ஆனதும் மொத வேலையா முடுக்கிக்குங்க. ராத்திரியில வண்டி தானா எழுந்து நடந்துடப் போவுதா?"

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. பூசையில் வைத்த ஆயுதத்தை மறுபூசைக்கு முன்னால் எடுக்கக்கூடாது என்பதில் அவளைவிட அவர்தான் கெட்டி. ஆயுத பூசையன்று ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடமாட்டார், ஃபியூஸ் போனால் இருட்டில் உட்கார்ந்திருப்பார். முப்பத்தொரு சாமான்களையும் எண்ணிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

சியாமளா அவற்றைத் துடைத்து மணையில் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டாள். பிறகு காருக்கு வந்தாள். பானெட்டில் பொட்டு, நாலு சக்கரத்துக்கும் பொட்டு. எழுந்திருக்கப் போனவளுக்கு மனசு கேட்கவில்லை. ரெண்டு நாளாக இந்த மனிதர் முதுகு ஒடிய மல்லாந்து கிடந்து மாட்டிய புதுச் சாமான்கள் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்குப் பொட்டு இல்லாமல் விடலாமா? கிண்ணத்தில் குங்குமத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திரும்பியிருந்த சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டாள். இடது பக்கம் வைத்தாள். வலது பக்கம் வைக்கும்போது ஈர விரல் வழுக்கிப் பொட்டு இழுபட்டுக் கோடாகிவிட்டது. நட்டின் மேல் தொடங்கி, பக்கத்து இரும்பின் மேல் போய் நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள். செய்தது முழுக்க அன்புதான். அதைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்?

மறுநாள் வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கே கலியமூர்த்திக்கு விழிப்பு வந்துவிட்டது. வலது பக்க நட்டு என்றுதான் எழுந்தார். ஆறரை மணிக்கு மறுபூசை முடிந்தது. ரெஞ்சை எடுப்பதற்கு முன்னால், டார்ச்சோடு போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

சிவப்புக் கோடு இருந்தது.

அப்படியே நின்றுவிட்டார். நேற்று முடுக்கினோமா? அவள் கூப்பிட்ட அவசரத்தில் முடுக்கிவிட்டுத்தான் வந்தோமா? ஒரு நட்டு பாக்கி என்று அவளிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆனால் சமீப காலமாக ஞாபகத்தை நம்ப அவருக்குப் பயம். போன மாதம் கேஸ் அடுப்பை அணைக்காமல் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். நெற்றியிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தேடினார். இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த நிமிஷத்தில், நாற்பது வருஷப் பழக்கம் சொன்னதைக் கேட்டார். குறி இருக்கிறது, ஆகவே முடுக்கியாயிற்று. குறி வைத்த நட்டை மறுபடி தொடுகிற வழக்கம் அவர் கற்ற தொழிலில் இல்லை.

கையை நீட்டி ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் போதும். விரல் நுனியில் பொடி ஒட்டியிருக்கும். தொடவில்லை.

ஏழரை மணிக்கு நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மதுமதி பட்டுப் புடவையில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். பின்சீட்டில் சியாமளாவும், பாவாடை சட்டையில் அபிராமியும். கலியமூர்த்தியும் ஏறியிருக்கலாம், இடம் இருந்தது. ஆனால் பூசையிலிருந்த சாமான்களை எண்ணித் துடைத்துப் பெட்டியில் வைக்காமல் அவர் வெளியே கிளம்புகிற ஆளில்லை. பின்னாலேயே ஸ்கூட்டரில் வருகிறேன் என்றார்.

"ஜல்தி வாங்கப்பா, கூட்டம் வந்துடும்" என்றாள் மதுமதி. வழக்கம்போல் போனைச் சத்தமில்லாமல் ஆக்கி டாஷ்போர்டு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். ஓட்டும்போது போன் கண்ணிலேயே படக்கூடாது என்பது அவர் அவளுக்குப் போட்ட சட்டம். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, வண்டி சந்து முனையில் திரும்பியது.

உள்ளே வந்து மணைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டாவது, டார்க் ரெஞ்ச். வேலை முடிந்ததும் அதன் எண்ணைச் சைபருக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கீழே வைப்பார். சாப்பிட்டுக் கை கழுவுவதுபோல் அது அவருக்குத் தானாக வரும். சந்தனத்தைத் துடைத்தபோது எண் தெரிந்தது.

எண்பது.

எண்பது உள்போல்ட்டுக்கு. கடைசி நட்டை முடுக்கியிருந்தால் இது அறுபதில் இருக்கவேண்டும், அல்லது சைபரில். எண்பதில் இருக்கவே முடியாது. அப்படியானால் அந்தக் குறி? துணியைப் பார்த்தார். ரெஞ்சிலிருந்து துடைத்த குங்குமம் ஈரத் துணியில் சிவப்பாக, ஒரு கோடாக இழுபட்டிருந்தது.

நேற்றுக் குளித்துவிட்டு வந்தபோது சியாமளா சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது: "புதுச் சாமானுக்கெல்லாமும் பொட்டு வெச்சிட்டேங்க." சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மதுமதிக்குப் போன் போட்டார். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, நின்றது. மறுபடி போட்டார். அவர் போட்ட சட்டம் அவரையே வந்து அறைந்தது. சியாமளாவுக்குப் போட்டார். சமையலறையில், சார்ஜரில் மாட்டிய இடத்தில், அவள் போன் மணியடித்தது.

ரெஞ்சை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். செருப்புப் போடவில்லை என்பது கிக்கரை உதைத்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

விடுமுறை நாள். சாலை காலியாகக் கிடந்தது. மற்ற நாளென்றால் நெரிசலில் ஊர்ந்துதான் போயிருப்பாள். இன்றைக்கு வேகமாகப் போவாள். விரலால் ஏற்றிய நட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவர் மூளை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது, நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. சந்து முனைக் குழி ஒன்று. பால் பூத் ஸ்பீடு பிரேக்கர் இரண்டு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நட்டு கால் சுற்றுத் திரும்பினால்கூட, நெடுஞ்சாலையில் ஏறும்போது பாதி கழன்றிருக்கும். அங்கே எண்பதில் போவாள். பக்கத்தில் லாரிகள் போகும். அபிராமி சீட்டில் உட்காரமாட்டாள், நடுவில் நின்றுகொண்டுதான் வருவாள்.

நெடுஞ்சாலையில் ஒவ்வொரு வெள்ளைக் காரையும் பார்த்தார். ஓரத்தில் நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தார். ராவ் துலாராம் மார்க் மேம்பாலத்தில் ஏறியதும், முன்னால் ஒரு கூட்டம். கைப்பிடிச் சுவரோடு ஒட்டி ஒரு சின்ன வெள்ளைக் கார் சாய்ந்து நின்றது. முன்பக்கம் ஒரு மூலை தாழ்ந்து கிடந்தது.

ஸ்கூட்டரை எப்படி நிறுத்தினார் என்று தெரியாது. "முருகா, முருகா" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு கூட்டத்தைத் தள்ளினார். காருக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி, வெடித்த டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கியா ஹுவா பாபுஜி?" என்று விசாரித்தார் சர்தார்ஜி, இவர் முகத்தைப் பார்த்து. கலியமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி வந்து ஸ்கூட்டரில் ஏறினார்.

மலை மந்திர் அடிவாரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. சிலேட்டும் கையுமாகக் குழந்தைகள். பட்டுப் புடவைகள், மல்லிகைப்பூ, தமிழ், இந்தி, அழுகை. வரிசையை ஒரு தடவை நடந்தார், ரெண்டு தடவை நடந்தார். அவர்கள் கார் இல்லை. தனக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கவேண்டிய கார் இல்லை. வழியிலும் இல்லை. அப்படியானால் எங்கே?

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் வண்டி நம்பரைச் சொன்னார். அவர் வாக்கிடாக்கியில் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தில் விபத்து என்று ஒன்றும் தகவல் இல்லை, உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றார். உட்கார முடியவில்லை. வெறுங்காலோடு சாலை நடுவில் போய் நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்தாவது தடவையாக மதுமதிக்குப் போன் அடித்தது, நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் யானைதான் விழும். இங்கே இவர் சறுக்கியதற்கு விழப்போவது அந்த மூன்று பேர். அந்த இருபது நிமிஷத்தில் அவர் தன் வாழ்நாளில் யாரையும் திட்டாத அளவுக்குத் தன்னைத் திட்டிக்கொண்டார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. டொக். டொக். பிறகு திருப்பத்தில், நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் கார் வந்தது.

ரெண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே ஓடினார். "நிறுத்து! அங்கேயே நிறுத்து! இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க!"

மதுமதி பயந்துபோய் நிறுத்தினாள். பின்கதவைத் திறந்து அபிராமியை வாரி எடுத்தார். "தாத்தா, செருப்பு எங்க?" என்றது குழந்தை. உயிர் போய் உயிர் வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது.

"இவ்வளவு சத்தம் வருது, ஏன் ஓட்டிக்கிட்டு வந்தே? ஏன் போன் பண்ணல?"

"அரே அப்பா, கத்தாதீங்க! மேம்பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துச்சு. ஸ்டீயரிங் வேற ஒரு பக்கமா இழுத்துச்சு. ஹைவே வேண்டாம்னு கன்டோன்மென்ட் உள்ளாற பூந்து, மோதி பாக் வழியா இருபதுலயே வந்தேன். நடுவுல நிறுத்தி உங்களுக்குப் போன் பண்றேன்னு ரெண்டு தடவை சொன்னேன். அம்மாதான் வேண்டாம்னாங்க."

கலியமூர்த்தி மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா படாத பாடுபட்டு மாட்டியிருக்கீங்க" என்றாள் சியாமளா. "மறுநாளே சத்தம் வருதுன்னு சொன்னா உங்க மனசு என்ன பாடுபடும்? அதான், அப்பா போட்டது, ஒண்ணும் ஆகாது, நீ பாட்டுக்கு ஓட்டுன்னு சொன்னேன்."

அவர் குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு, வலது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் படுத்துத் தலையை உள்ளே விட்டார்.

போல்ட்டு பாதி வெளியே வந்திருந்தது. நட்டு கடைசி ரெண்டு புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு ஸ்பீடு பிரேக்கர், அவ்வளவுதான். நட்டின் மேல் குங்குமம் காய்ந்து, பாதி உதிர்ந்து, மீதி ஒட்டியிருந்தது.

"என்னங்க ஆச்சு?" தலைக்கு மேல் சியாமளாவின் குரல் கேட்டது. வளையல் சத்தம் வந்தது. குனிகிறாள்.

'நீ வெச்ச பொட்டுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை. நாற்பத்திரண்டு வருஷம் சம்பாதித்த பெயர் அப்படியே நிற்கும். ஆனால் அந்த வார்த்தையை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்? தன் விரல் பேத்தியின் உயிருக்கு உலை வைத்தது என்று தெரிந்த பிறகு, நாளைக் காலையில் எந்தக் கையால் குங்குமத்தைத் தொடுவாள்? அவளை அவருக்குத் தெரியும். சாகிறவரை விடமாட்டாள்.

கட்டை விரலால் அந்தச் சிவப்பை அழுத்தித் தேய்த்துத் துடைத்தார். எண்ணெய்க் கறுப்போடு கறுப்பாக அது போய்விட்டது.

"நட்டு முடுக்கல சியாமளா" என்றார், வெளியே வந்து உட்கார்ந்து. "மறந்துட்டேன்."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அந்த வீடு கேட்டதே இல்லை. சியாமளா திட்டவில்லை, அழவில்லை. பிறகு மகளிடமிருந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, காரை விட்டு ரெண்டடி பின்னால் போனாள். இன்னும் ரெண்டடி போனாள். அவள் கண்ணில் இருந்தது பயம். அவர் கை வைத்த ஒன்றைப் பார்த்து அவள் அதுவரை பயந்ததே இல்லை. சுருக்கென்று வலித்தது. எவ்வளவு வலிக்கும் என்று தெரியாமலா சொன்னோம் என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

போல்ட்டைத் தட்டி உள்ளே ஏற்றி, ரெஞ்சில் அறுபது வைத்து முடுக்கினார். 'டக்' என்றது. இடது பக்கத்து நட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு, மறுபடி முடுக்கிப் பார்த்தார். பிறகு எல்லோரும் படியேறிப் போனார்கள். குருக்கள் அபிராமியின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தார். அவள் பாதியிலேயே அரிசியை வாயில் போட்டுக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சியாமளாவும் சிரித்தாள், ஆனால் கலியமூர்த்தி பக்கம் திரும்பவில்லை.

இறங்கி வரும்போது, எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க ஆட்டோவுல போயிடுறோம்."

மதுமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அம்மா, அப்பாதான் இப்ப சரி பண்ணிட்டாரே..." என்று ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அப்பா பேசாமல் இருக்கப்போவது நாலு நாளா, நாற்பது நாளா என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "சரி, அதுவும் நல்லதுதான்" என்றார் கலியமூர்த்தி.

அவரே சாலைக்குப் போனார். அவரே கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார். குழந்தையை ஏற்றிவிட்டு, சியாமளாவின் புடவைத் தலைப்பு வெளியே தொங்குவதைப் பார்த்து எடுத்து உள்ளே விட்டார். மதுமதி ஒரு நிமிஷம் தயங்கினாள், பிறகு கார்ச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"தீரே சலானா பையா" என்று டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னார்.

ஆட்டோ போகிறவரை நின்றார். ஸ்கூட்டரைச் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே பூட்டிவிட்டு, தனியாகக் காரில் ஏறினார். வழியில் இருந்த எல்லா ஸ்பீடு பிரேக்கரிலும் மெதுவாக ஏற்றி இறக்கினார். வீடு வரை வண்டி ஒரு சத்தமும் போடவில்லை.